முசரவாக்கத்தில் சிக்னல் கிடைக்காது

முசரவாக்கத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்று நான் ஏறக்குறைய ஒரு வருடம் நம்பினேன். அது ஏதோ மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஊர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்தால் வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் போய்விடலாம். அந்த ஊர்க்காரர்கள் ஃபோனில் படம் பார்க்கிறார்கள், நிலம் விற்கிறார்கள், சம்பந்தியோடு சண்டை போடுகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். சொன்னவர் எங்கள் காலேஜ் கற்பகம் மேடம்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஆண் நர்ஸான எனக்குப் பெண் தேடி என் அம்மா பட்ட பாட்டை எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிக்க வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாதி வரைக்கும் முடியும் என்று நினைக்கிறேன்.

கொரோனா கொஞ்சம் அடங்கி, கல்லூரிகளைத் திறக்கலாம் என்று சொன்ன வாரம் அது. எங்கள் நர்ஸிங் காலேஜ் நூலகத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஆசிரியர்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தோம். பூட்டியே கிடந்த அறையில் பழைய காகிதமும் சானிடைசரும் கலந்த வாசனை. பிரின்சிபால் தன் ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து மேசை நடுவில் வைத்திருந்தார். அதற்குள்தான் கற்பகம் மேடம் இருந்தார். முகம் தெரியவில்லை. கறுப்புக் கட்டம், அதன் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவர் பேரின் முதல் எழுத்து.

"தொறந்துடலாமா? எல்லாரும் இன்னா சொல்றீங்க?" என்றார் பிரின்சிபால்.

எல்லாரும் திறக்கலாம் என்றோம். திறக்காவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே பைத்தியம் பிடித்துவிடும் நிலை.

அப்போது பாட்டிலோரத்திலிருந்து குரல் வந்தது. "மேடம், நான் ஒண்ணு சொல்றேன். தியரி கிளாஸ் ஆன்லைன்லயே இருக்கட்டும். நான் வீட்ல இருந்தே எடுத்துடறேன். பிராக்டிகலை பிரதர் பாத்துக்கட்டும்."

எல்லாரும் ஃபோனைத் திரும்பிப் பார்த்தோம். காரணம், ஊரடங்கு அறிவித்த நாளில் இதே நூலகத்தில், இதே மேசையைத் தட்டி, "ஃபோன்ல நர்ஸிங் கத்துக்குடுக்கறதும், ஃபோன்ல சோறு போடறதும் ஒண்ணுதான்" என்று சொன்னவர் இவர்தான். எங்கள் காலேஜில் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு பரம விரோதி உண்டென்றால் அது கற்பகம் மேடம்.

கூட்டத்தில் யாராவது வாயைத் திறக்க வேண்டுமே. நான் திறந்தேன். "மேடத்துக்கு வீட்டுச் சோத்து ருசி புடிச்சுப்போச்சு. இனிமே கட்டி இழுத்தாலும் வர மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபோனுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

சிக்னல்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரதர் என்பவர் யார்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் பெண் நர்ஸை சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். ஆண் நர்ஸை பிரதர் என்கிறார்கள். என் சம்சாரத்தைத் தவிர இந்த ஊரில் எல்லாருக்கும் நான் பிரதர். சில சமயம் கோபத்தில் அவளும் கூப்பிடுவாள்.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்கார வீட்டில் பிறந்தவன் நான். அண்ணன் தறியில் உட்கார்ந்தான், நான் நர்ஸிங் படிக்கப் போனேன். நாலைந்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியரானேன். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் ஊசி போடாத தெரு குறைவு. நரம்பு கிடைக்காத கையில் நரம்பு கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பேரும் உண்டு.

ஆனால் எனக்கு யாராவது ஊசி போட வந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊரடங்குக்கெல்லாம் ரொம்ப முன்னால், ஒரு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாமில் ஊர் ஜனத்துக்கெல்லாம் போட்டுவிட்டு, என் முறை வந்தபோது கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மேடம்தான் கேட்டருகில் பிடித்துக் கூட்டிவந்தார்.

இடது கை

கற்பகம் மேடம் என்னைவிட மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முசரவாக்கத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தினமும் பஸ்ஸில் வருவார். மடிப்புக் கலையாத காட்டன் புடவை, கையில் டிபன் பை, உள்ளே எப்போதும் எலுமிச்சை சாதம். செய்முறைக் கூடம் முழுக்க அவர் ராஜ்ஜியம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊசி போடக் கற்றுக்கொள்ள எங்களிடம் ரப்பர் கை உண்டு, பொம்மை உண்டு. அதில் எல்லாம் பழகி முடித்த பிறகு, ஒவ்வொரு மாணவியும் மனித உடம்பில் போடுகிற முதல் ஊசி மேடத்தின் கையில்தான். வெறும் உப்புத் தண்ணீர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். வலது கை எழுதுவதற்கு வேண்டும் என்பார்.

நடுங்குகிற பிள்ளைகள், அழுகிற பிள்ளைகள், எலும்பில் குத்துகிற பிள்ளைகள். ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் அந்தக் கை நீலம் பாய்ந்து கிடக்கும்.

"ஏன் மேடம் இந்த வேலை? சட்டப்படி இது சரியா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தப்பா குத்துனா வலிக்கும்னு ரப்பர் சொல்லாது பிரதர். நான் சொல்லுவேன்."

அதோடு ஒரு விதி. ஊசியை எடுக்கும் முன்னால் எதிரில் இருப்பவரின் பேரைக் கேட்க வேண்டும். அவர் வாயால் பேரைச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். தினம் பார்க்கிற மேடமாக இருந்தாலும் கேட்க வேண்டும். "உங்க பேரு இன்னாமா?" என்று கேட்காமல் கையைத் தொட்ட பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் போய், நாளையிலிருந்து ஃபோனில் பாடம் எடுங்கள் என்றால் மேசையைத் தட்டாமல் என்ன செய்வார்.

தறிக்கு நாடி பார்த்த கதை

ஊரடங்கில் செய்முறை வகுப்புகளை மேடமும் நானும் ஆன்லைனில் சேர்ந்து எடுத்தோம். நான் முகத்தைக் காட்டுவேன். அவர் குரல் மட்டும் வரும். "முசரவாக்கத்துல வீடியோ போட்டா கட் ஆவுது பிரதர். சிக்னலே கெடைக்கல." முதல் சில மாதங்கள் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகுதான் சிக்னல் போனது. மரம் வளர்ந்து மறைத்திருக்கும் என்று நானாக ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்.

பிள்ளைகளும் கேமராவைத் திறக்க மாட்டார்கள். அதனால் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். நடுவில் என் வழுக்கை மட்டும் பளபளக்கும். ஆன்லைன் வகுப்பு அவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பஸ் இல்லை, வெள்ளைச் சீருடைக்குக் கஞ்சி போட வேண்டாம், ஹாஸ்டல் ரசம் இல்லை. ஒரு பிள்ளை என் வகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டே மாடு கறந்திருக்கிறது. மைக்கை அணைக்க மறந்ததால் தெரிந்தது.

"கெணத்துல பேசறாப்பல இருக்குது பிரதர்" என்பார் மேடம், வகுப்பு முடிந்த பிறகு. "நம்ம குரலே நமக்குத் திரும்பி வருது. அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காளா இல்லியான்னே தெரியல."

ஒரு நாள் நாடி பார்க்கும் பாடம். வீட்டில் இருப்பவர் யாருடைய நாடியையாவது ஒரு நிமிடம் முழுக்க எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சுகந்தியின் முறை வந்தது. எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா ஏகாம்பரம் பட்டுத் தறிக்காரர், என் அண்ணனுக்குப் பழக்கம்.

அவள் சொன்ன எண்ணைக் கேட்டு எனக்கு வேர்த்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அவ்வளவு மெதுவாக நாடி துடிக்காது.

"இன்னொரு வாட்டி எண்ணும்மா."

எண்ணினாள். அதே எண்.

"சுகந்தி, பதட்டப்படாத. அப்பாவ உடனே படுக்க வை. நெஞ்சு வலிக்குதான்னு கேளு. நூத்தியெட்டுக்கு ஃபோன் பண்ணு. யாராச்சும் பக்கத்து வீட்டு ஆம்பளைங்கள கூப்பிடு. நானே வரேன்." பதட்டப்படாதே என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்து சட்டை தேடினேன். கீழே லுங்கி கட்டியிருந்தது முழு வகுப்புக்கும் தெரிந்துபோனது.

"சார், அப்பா நல்லாத்தான் இருக்காரு சார். நெஞ்சு நெய்ஞ்சுக்கினு இருக்காரு, அதாவது, பொடவை நெய்ஞ்சுக்கினு இருக்காரு சார்." நான் கத்தியதில் அந்தப் பெண்ணுக்கு நாக்கு குழறியது.

கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து மேடத்தின் குரல் நிதானமாக வந்தது. "சுகந்தி. எங்க கை வெச்சு எண்ணுன?"

"கழுத்துல மேடம். கையைக் குடுக்க மாட்டேங்கறாரு. அவசர ஆர்டராம். அதான் பின்னால நின்னுக்கினு கழுத்துல வெச்சு எண்ணுனேன்."

"தறிய நிறுத்தச் சொல்லு."

அந்தப் பக்கம் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான், அவ்வளவு நேரம் அது கேட்டுக்கொண்டிருந்ததே எனக்கு உறைத்தது.

"இப்ப எண்ணு."

நாடி சரியாக இருந்தது. அவள் அதுவரை எண்ணியது அப்பாவை இல்லை, தறியை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவள், அது காதில் விழுவதே தெரியாமல் அதையே எண்ணியிருக்கிறாள். அவளை விடுங்கள். அதே சத்தத்தில் வளர்ந்த நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன்.

மறுநாளிலிருந்து செய்முறை வகுப்பு நேரத்தில் ஏகாம்பரம் தறியை நிறுத்திவைத்தார். "பிரதருக்கு நெஞ்சு வெடிச்சுடப்போவுது, வாணாம்" என்று என் அண்ணனிடம் சொன்னாராம்.

சாயத் தண்ணி

நரம்புக்குள் கேனுலா என்கிற மெல்லிய குழாய் ஊசியைச் செலுத்துவது எங்கள் தொழிலில் கைப்பழக்கம் கேட்கிற வேலை. சரியாக நரம்புக்குள் போனால் ஊசியின் பின்பக்கம் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தால்தான் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். இதை ஃபோனில் எப்படிக் காட்டுவது? காலேஜிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் அனுப்பினோம், கேனுலாவும் சிரிஞ்சும் வைத்து. வாழைத்தண்டில் குத்திப் பழகச் சொன்னோம்.

"வாழைத்தண்டு கிட்ட பேரு கேட்டியா?" என்று மேடம் கேட்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

சுகந்தி ஒரு நாள் கேமராவைத் திறந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைச் சுருட்டி ஒரு கை செய்திருந்தாள். உள்ளே மெல்லிய ரப்பர் குழாய். குழாய்க்குள் சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த அரக்குச் சாயத் தண்ணீர். ஊசி குழாய்க்குள் சரியாக நுழைந்தால் சாயம் பின்னால் வரும்.

"பேரு கேட்டியா?"

"கேட்டேன் மேடம். ஏகாம்பரம்னு சொல்லுச்சு."

பின்னால் அப்பா முணுமுணுப்பது கேட்டது. அவள் குத்தினாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ஊசியை அப்படியே பிடித்து நிறுத்தினாள்.

"சாயம் வந்துச்சா?" என்றார் மேடம். அவருக்கும் அந்தப் பக்கம் சிக்னல் சரியில்லை, படம் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

"வந்துச்சு மேடம்."

"அப்ப ரத்தமும் வரும்."

கொஞ்ச நேரம் கழித்து சுகந்தி கேட்டாள். "மேடம், நாங்க பாஸ் பண்ணிடுவோம். ஆனா எங்க கையில பேஷண்ட் பொழைப்பாரா மேடம்?"

நான் ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். மேடம் முந்திக்கொண்டார். "அது எனக்கும் பயமாத்தான் இருக்குது. காலேஜ் தொறந்ததும் மொதல்ல என் கையில குத்துங்க. அப்பறம் சொல்றேன்."

அதைச் சொன்னவர்தான், திறக்கும் நேரம் வந்தபோது, நான் வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறார். இப்போது அந்த நூலகத்துக்குத் திரும்புகிறேன்.

டவர்

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் கோபம். மேடம் இல்லாத செய்முறைக் கூடத்தை நான் தனியாக மேய்க்க வேண்டும். சோம்பல் அவரையும் பிடித்துவிட்டது, ஒரு வருடம் வீட்டில் இருந்தால் யாருக்கும் வரும் என்று என் மனசுக்குள் தீர்ப்பு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வேறு கம்பெனி சிம் கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு முசரவாக்கம் கிளம்பினேன். சிக்னல் பிரச்சினையை என் கையால் தீர்த்துவைத்து, அப்புறம் கேட்கலாம், இப்ப இன்னா சாக்கு மேடம் என்று.

அவர் தெருவுக்குள் திரும்பும்போது என் ஃபோன் அடித்தது. சம்சாரம். வரும்போது கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். அவள் நெற்றிப் பொட்டில் இருந்த மினுக்கு வரைக்கும் தெரிந்தது. பின்னால் எரியும் அடுப்பு தெரிந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேடத்தின் வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தைவிட உயரமாக, செல்போன் டவர் நின்றுகொண்டிருந்தது.

தம்பி மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அண்ணி, காலேஜ்ல இருந்து" என்றார். அந்தக் குரலிலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இந்தக் குரலை நிறையக் கேட்டிருக்கிறேன்.

மேடம் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் இறுக்கிக் கட்டிய பருத்தித் துண்டு. புருவம் இல்லை. மடியில் பாடப் புத்தகம், பக்கத்தில் ஃபோன். இடது கை வீங்கி, தலையணை மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. மார்பு ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை அப்படி வீங்கும். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வந்துட்டியா பிரதர்" என்றார். "சிக்னல் வருதா?"

நான் சிம் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். எப்போதும் ஏதாவது சொல்கிற வாய் இது. அன்றைக்கு, "கத்திரிக்காய் வாங்க வந்தேன் மேடம்" என்று உளறியது.

அவர் சிரித்தார். பிறகு அவரே சொன்னார். கட்டி கையில் தட்டுப்பட்டபோது ஊரடங்கு. பஸ் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். பார்த்தபோது பெரிதாகியிருந்தது. ஆபரேஷன், கீமோ. ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாந்தி நிற்கிற நாட்களில் வகுப்பு.

"ஏன் மேடம் சொல்லல?"

"சொன்னா புள்ளைங்க கேள்வி கேக்க மாட்டாளுங்க. பாவம் மேடம், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் புரிஞ்சுதுன்னு சொல்லிடுவாளுங்க. அதான் மூஞ்சிய காட்டல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்ல இந்த ஃபோன எவ்ளோ திட்டினேன். இப்ப இது ஒண்ணுதான் என்னை வாத்தியாரா வெச்சுக்கினு இருக்குது. காலேஜ் தொறந்துட்டா நான் பேஷண்ட் மட்டும்தான். புரியுதா? யாருக்கும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"இன்னொண்ணு. இந்த பேட்ச் என் கையில குத்தல. நீ குடு உன் கையை."

"மேடம், என் கை முடி மொளச்ச கை. புள்ளைங்க பயந்துடும்."

"குடு பிரதர்."

திரும்பி வரும் வழியில் கத்திரிக்காய் வாங்க மறந்துபோனேன்.

என் வீரம்

காலேஜ் திறந்தது. தியரி ஆன்லைனில் மேடம், செய்முறைக் கூடத்தில் நான். மேடம் உட்காரும் ஸ்டூலில் ஒரு நாள் காலை நான் உட்கார்ந்து முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டேன். மாணவிகள் வரிசையில் நின்றார்கள். முதலில் சுகந்தி.

"சார், உங்க பேரு இன்னா சார்?" விதிப்படி கேட்டாள்.

பேரைச் சொன்னேன். அவள் கையில் சிரிஞ்சின் நுனியில் ஒரு துளி மின்னியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் கூடத்து மின்விசிறி.

தரையில் கிடந்தேன். கால்களை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சட்டைப் பித்தான்களைத் தளர்த்தியிருந்தார்கள். ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பல்ஸ் நார்மல் சார். பக்கத்துல தறி எதுவும் ஓடல சார்."

மூன்று வகுப்புகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று மாலை மேடத்துக்கு ஃபோன் செய்து நானே சொன்னேன். யாரோ சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கேட்டார்.

"கால தூக்கி வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"பட்டனை லூஸ் பண்ணாங்களா?"

"பண்ணாங்க மேடம். மானம் போச்சு."

"ஒரு நிமிஷம் முழுசா எண்ணுனாளா?"

"எண்ணுனா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னலைக் குறை சொல்ல எனக்கு இப்போது வழியில்லை. காத்திருந்தேன்.

"அதெல்லாம் நான் ஃபோன்ல சொன்னது பிரதர்" என்றார். "கேட்டுக்கினுதான் இருந்திருக்காளுங்க."

வலது கை

அந்த பேட்ச் முதல் முறையாக வார்டுக்குப் போன வாரத்திலேயே மேடத்தை எங்கள் காலேஜைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். வார்டு சிஸ்டர் முயற்சி செய்துவிட்டு, "பிரதர், எனக்குக் கெடைக்கல. நீங்க வந்து போடுங்க" என்று ஆள் அனுப்பினார்.

நான்தானே நரம்பு மன்னன். தட்டை எடுத்துக்கொண்டு போனேன். இடது கையைத் தொடக் கூடாது. ஆபரேஷன் ஆன பக்கம். இருப்பது வலது கை ஒன்றுதான். கீமோ மருந்து ஓடி ஓடி அதிலும் நரம்புகள் கயிறு போலக் கறுத்து இறுகிக் கிடந்தன. கையில் ரப்பர் பட்டையைக் கட்டித் தடவிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஒன்று மெலிசாகக் கிடைத்தது. ஊசியை எடுத்தேன்.

என் கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. "மேடம், ஏசி ஜாஸ்தி" என்றேன். அந்த வார்டில் ஏசி கிடையாது.

மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெச்சுடு பிரதர். வெளிய நிக்கறது நம்ம புள்ளைங்கதான? சுகந்திய கூப்பிடு. யாருன்னு சொல்லாத."

"மேடம், இது கஷ்டமான நரம்பு. அவ இதுவரைக்கும் மனுஷங்களுக்குப் போட்டதே இல்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். கூப்பிடு."

சுகந்தி வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை, புதுசு. கட்டிலில் துண்டு கட்டிய, ஒடுங்கிப்போன ஒரு பெண்மணியைப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மேடத்தை அவள் நேரில் பார்த்தது முதல் வருடத்துச் சில மாதங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஃபோன் திரையில் சின்ன முகம், அப்புறம் கறுப்புக் கட்டம்தான். கையைக் கழுவித் துடைத்து, என் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் குனிந்தாள்.

"அம்மா, உங்க பேரு இன்னாமா?"

"கற்பகம்."

முகம் காட்டாததைக் குரல் காட்டியது. சுகந்தி தட்டோடு நிமிர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தட்ட கீழ வை" என்றார் மேடம். "இன்னா பாக்கற? பேரு கேட்டாச்சு. அடுத்தது இன்னா?"

"பட்டை கட்டணும் மேடம்."

"கட்டு."

கட்டினாள். கண்ணிலிருந்து வழிவது முகக்கவசத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கவில்லை, கையுறை போட்டாயிற்று.

"மேடம், எப்பவும் லெஃப்ட் கையதான குடுப்பீங்கன்னு சீனியருங்க சொல்லுவாங்க."

"ரைட்டு எழுதறதுக்கு வெச்சிருந்தேன்" என்றார் மேடம். "இனிமே எழுத இன்னா இருக்குது. குத்துமா."

சுகந்தி விரலால் நரம்பைத் தடவினாள். நான் தேர்ந்தெடுத்த அதே இடம். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள், அது உருளும் சத்தம் கேட்டது.

"சாயம் வந்துச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வந்துச்சு மேடம்."

"வலிக்கல" என்றார்.

முதல் குத்திலேயே ஏறியிருந்தது. குளுக்கோஸ் இரவு முழுக்க ஓடியது. நான் ஆன்லைன் வகுப்பை எடுத்துக்கொண்டேன். மேடத்துக்குச் சிக்னல் சரியில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கற்பகம் மேடம் அடுத்த வாரம் ஒரு காலையில் இறந்துபோனார். அந்த பேட்சில் அவர் கையில் ஊசி போட்டது சுகந்தி ஒருத்திதான்.